ஒரு நிமிடத்தில் ஓர் ஊரின் இசை

பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர் வட்டத்தில், தமிழக எல்லையை ஒட்டி அமைந்த ஊராட்சி பெருமாட்டி. மலையாளமும் தமிழும் ஒரே கடைத்தெருவில் கலந்து ஒலிக்கும் இந்நிலப்பகுதி இசைக்குப் பெயர் பெற்றது. மெல்லிசை மன்னர் எம்.எஸ். விசுவநாதன் 1928ஆம் ஆண்டு பிறந்த எலப்புள்ளி அருகில்தான் உள்ளது. மிருதங்கமும் செண்டையும் செய்யும் கைவினைஞர்கள் வாழும் பெருவெம்பு இதே வட்டத்தைச் சேர்ந்தது. செம்பை வைத்தியநாத பாகவதரும் பாலக்காடு மணி ஐயரும் எம்.டி. ராமநாதனும் இம்மாவட்டம் தந்த மேதைகள்.

இத்தகைய ஊரில் வாழும் ஒருவர், கைப்பேசியையும் சிறிய ஒலிவாங்கியையும் கொண்டு இசை பற்றிய பாட்காஸ்ட் ஒன்றைத் தொடங்குவதாகக் கொள்வோம். அரைமணி நேர ஒலித்தொடரை முன்பின் அறியாதவர் தேடி வந்து கேட்பது அரிது. எனவே, அதனை அறிமுகப்படுத்த ஒரு நிமிடக் காணொளி தேவைப்படுகிறது. அதில் எதைக் காட்டுவது?

இவ்வினாவிற்கு நல்ல விடை இதே மாவட்டத்தின் அட்டப்பாடியில் கிடைக்கிறது. 2020ஆம் ஆண்டு வெளிவந்த ‘அய்யப்பனும் கோஷியும்’ திரைப்படத்திற்காக, இருளர் பழங்குடியைச் சேர்ந்த நஞ்சியம்மா தம் தாய்மொழியிலேயே பாடினார். யூடியூபில் வெளியான அப்பாடலின் காணொளி மிக விரைவில் பரவியது. இருளர் மொழி அறியாத இலட்சக்கணக்கானோர் அதனைத் திரும்பத் திரும்பக் கேட்டனர். அப்படத்திற்காகச் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது 2022இல் அவருக்கு அறிவிக்கப்பட்டது. ஈர்த்தது அவரது குரலும் அது பிறந்த மண்ணுமே. முன்னோட்டக் காணொளி செய்வோர் கற்க வேண்டிய முதற்பாடம் இது: பொருளைப் பற்றிப் பேசுவதைவிட, பொருளையே கேட்கச் செய்தல் சிறந்தது.

மிருதங்கம் பற்றிய ஒலித்தொடரை எடுத்துக்கொள்வோம். ‘வணக்கம், எங்கள் நிகழ்ச்சிக்கு வரவேற்கிறோம்’ என்று தொடங்கினால், பார்வையாளரின் விரல் அடுத்த காணொளிக்கு நகர்ந்துவிடும். மாறாக, வலந்தலையின் நடுவே கல்பொடியும் சோறும் குழைத்த கலவையைக் கைவினைஞர் படலம் படலமாகத் தடவித் தேய்ப்பதையும், அதற்கேற்ப நாதம் மாறுவதையும் முதல் பத்து நொடிகளில் காட்டலாம். அடுத்து, தொடரின் உரையாடலிலிருந்து கேட்போர் மனத்தில் ஒரு வினாவை எழுப்பும் பகுதி இருபது நொடிகள் வரலாம். இறுதியில் தொடரின் பெயரும் அது கிடைக்கும் தளமும் இடம்பெற்றால் போதும்.

பலர் பொது இடங்களில் ஒலியை நிறுத்திவிட்டே காணொளி பார்க்கின்றனர். ஆகவே, பேச்சைத் திரையில் எழுத்தாகவும் தருதல் நலம். கைப்பேசியை நிமிர்த்திப் பிடித்துப் படமெடுத்தால் திரை முழுவதும் நிறையும். ஒலியைத் தனி ஒலிவாங்கியில் பதிதல் இன்றியமையாதது. மங்கலான படத்தைப் பொறுத்துக்கொள்பவரும் இரைச்சலான இசையைப் பொறுப்பதில்லை.

அடுத்து உரிமை. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957, இசையமைப்பிற்குப் படைத்தவரின் மறைவிற்குப் பின் 60 ஆண்டுகளும், ஒலிப்பதிவிற்கு வெளியீட்டிற்குப் பின் 60 ஆண்டுகளும் பாதுகாப்பு அளிக்கிறது. தியாகராஜர் 1847இல் மறைந்தவராதலால் அவர் கீர்த்தனைகளை எவரும் பாடலாம். ஆயின், அவற்றை இன்றைய கலைஞர் பாடிய பதிவை அனுமதியின்றி எடுத்தாள இயலாது. எம்.டி. ராமநாதன் 1984இல் மறைந்தார்; அவர் இயற்றிய கீர்த்தனைகளுக்கு 2044ஆம் ஆண்டு முடியும்வரை உரிமை உண்டு. யூடியூபின் தானியங்கி முறை, பதிவு செய்யப்பட்ட பாடலின் சில நொடிகளையும் அடையாளம் கண்டுவிடும்.

நம் காணொளிக்கென நேரில் பாடுவோர்க்கும் வாசிப்போர்க்கும் சட்டப்படி நிகழ்த்துநர் உரிமை உண்டு. எங்கெல்லாம் வெளியிடுவோம், எவ்வளவு ஊதியம் என்பவற்றை அவர் அறிந்த மொழியில் எழுதி, படித்துக் காட்டி, ஒப்பம் பெறுதல் முறை. ஊதியத்தை அவரது வங்கிக் கணக்கிலேயே செலுத்தினால் இருவருக்கும் சான்றாக அமையும். ஒரு கிராமத்துக் கலைஞரின் குரல் உலகெங்கும் சென்று, அதன் பயன் மட்டும் அவர் வாசலை எட்டாமற் போவது பெருங்குறை.

காணொளி பரவியபின், விளம்பரம் தருவதாகக் கூறிச் சிலர் தொடர்பு கொள்ளக்கூடும். ‘பணம் அனுப்புகிறோம், கியூஆர் குறியீட்டை வருடி யுபிஐ ரகசிய எண்ணை இடுங்கள்’ என்றால் அது மோசடியே. பணம் பெறுவதற்கு ரகசிய எண் தேவையில்லை, செலுத்துவதற்கே தேவை. ஏமாற நேர்ந்தால் தாமதியாது 1930 என்னும் எண்ணை அழைப்பதுடன் வங்கிக்கும் தெரிவிக்க வேண்டும்.

பெருவெம்பின் பட்டறையில் ஒரு தோற்கருவி நாதம் பெறப் பல நாள் உழைப்பு தேவை. அதற்கு நாம் கேட்பதோ பார்வையாளரின் ஒரே ஒரு நிமிடம். அந்நிமிடத்தை இசைக்கே ஒப்படைப்போம். இசைத்தவருக்குரியதை அவரிடம் சேர்ப்போம்.