எச்.சி.சி. கோடிங்குக்கு மாறலாமா? முடிவெடுக்கும் முன் இதைப் படிங்க!

சென்னை, கோவை, திருச்சி மெடிக்கல் கோடிங் அலுவலகங்களில் ரேடியாலஜி, எமர்ஜென்சி என்று மூன்று நான்கு வருடம் ஓட்டியவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி: “எச்.சி.சி.க்கு மாறிடலாமா?” தாராளமா மாறலாம். ஆனால், அங்கே வேலையின் நோக்கமே வேறு என்பதைப் புரிந்துகொண்டு மாறுங்கள்.

பணம் எப்படி வருது?

வழக்கமான கோடிங்கில், டாக்டர் செய்த சிகிச்சைக்குப் பணம். ரிஸ்க் அட்ஜஸ்ட்மென்ட்டில் அப்படி இல்லை. அமெரிக்காவில் 65 வயதைக் கடந்தவர்களுக்கான மெடிகேர் திட்டத்தில், பாதிக்கும் மேற்பட்டோர் இப்போது ‘மெடிகேர் அட்வான்டேஜ்’ என்ற தனியார் இன்சூரன்ஸ் வழியில் இருக்கிறார்கள். ஒவ்வொரு உறுப்பினருக்கும் மாதாமாதம் ஒரு தொகையை அரசு அந்த நிறுவனங்களுக்குக் கொடுக்கிறது. நோய் அதிகம் என்றால் தொகையும் அதிகம். யாருக்கு என்ன நோய் என்று அரசுக்குச் சொல்வது டயக்னோசிஸ் கோட்கள்தான். அவற்றைக் குழுக்களாகப் பிரித்து மதிப்பெண் போடும் முறைக்குப் பெயர் எச்.சி.சி. இந்த வருடம் நீங்கள் போடும் கோட், அடுத்த வருடத் தொகையை முடிவு செய்யும்.

ஒவ்வொரு ஜனவரி 1-ம் தேதியும் கணக்கு புதிதாகத் தொடங்கும். கால் அகற்றப்பட்டவருக்குக்கூட, அந்த வருடம் ஒரு டாக்டர் பார்த்து எழுதினால்தான் கணக்கில் வரும். (எழுதாவிட்டால் கால் திரும்ப முளைச்சிடும் என்பது இந்தத் துறையின் பழைய ஜோக்.)

‘இருக்கு’ன்னு எழுதினா போதாது

சார்ட்டில் நோயின் பெயர் இருந்தால் மட்டும் கோட் போட முடியாது. டாக்டர் அதைக் கண்காணித்தாரா, பரிசோதித்தாரா, மதிப்பிட்டாரா, சிகிச்சை கொடுத்தாரா என்று பார்க்க வேண்டும். ‘மீட்’ என்று கோடர்கள் சொல்வது இதைத்தான்.

ஓர் உதாரணம். 74 வயது நோயாளிக்கு ஸ்ட்ரோக் வந்து இரண்டு வருடமாகிறது. இப்போது கிளினிக்குக்கு வந்தது வழக்கமான செக்கப்புக்கு. டாக்டரோ லிஸ்ட்டிலிருந்து அக்யூட் ஸ்ட்ரோக் கோடைத் தேர்ந்தெடுத்துவிட்டார். அதை அப்படியே விட்டால் எச்.சி.சி. கிடைக்கும், பணமும் வரும். ஆனால் அது தப்பு. பழைய ஸ்ட்ரோக்குக்கு உரிய இசட்86.73 தான் சரி, அதற்கு எச்.சி.சி. கிடையாது. அமெரிக்க அரசின் தணிக்கைகளில் முதலில் தேடப்படும் பிழைகளில் இதுவும் ஒன்று. சிகிச்சை முடிந்த கேன்சரை ‘இப்போதும் இருக்கிறது’ என்று கோட் செய்வது இன்னொன்று.

என்னைக் கேட்டால், நல்ல எச்.சி.சி. கோடரை அடையாளம் காட்டுவது அவர் கண்டுபிடிக்கும் கோட்கள் அல்ல, போட மறுக்கும் கோட்கள்தான். நெருக்கடியும் அங்கேதான். எச்.சி.சி. ஒன்றை விட்டாலும் ஆடிட்டில் பிழை, ஆதாரமில்லாமல் சேர்த்தாலும் பிழை. நடுவில் டார்கெட் வேறு. நூறு பக்க சார்ட்டைப் பொறுமையாகப் படிக்கப் பிடிக்காதவர்களுக்கு இது நிச்சயம் போரடிக்கும். நர்சிங், பார்மசி படித்தவர்களுக்கு மருந்துப் பெயரைப் பார்த்ததுமே நோய் பிடிபடும் என்பதால் கொஞ்சம் சுலபம். ஆனால் மருந்தை மட்டும் வைத்து நோயை ஊகித்துக் கோட் போடக் கூடாது. நன்றாகப் படித்தவர்களே சறுக்கும் இடம் இது.

வி28 என்ன மாற்றியது?

பழைய வி24 மாடலில் 86 குழுக்கள், புதிய வி28-ல் 115. குழுக்கள் கூடினாலும் பணம் தரும் கோட்கள் சுமார் 9,800-லிருந்து 7,800-க்குள் இறங்கிவிட்டன. 2024-ல் 33 சதவீதம், 2025-ல் 67 என்று ஏறி, 2026-ல் முழுமையாக வி28 தான். சர்க்கரை நோயை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் வசிக்கும், மெடிகெய்ட் உதவி பெறாத முதியவருக்கு, சிக்கல் இல்லாத சர்க்கரைக்கு 0.105, சிக்கல் உள்ளதற்கு 0.302 என்று முன்பு மதிப்பெண். இப்போது இரண்டுக்கும் 0.166. பழைய நோட்ஸை வைத்துப் பயிற்சி தரும் இன்ஸ்டிட்யூட்டில் பணம் கட்டும் முன் இதை ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

ஏஐ வந்தா வேலை போயிடுமா?

சார்ட்டில் நோய்களை ஹைலைட் செய்து தரும் மென்பொருள்கள் ஏற்கெனவே வந்துவிட்டன. தேடும் வேலை குறையும், சரிபார்க்கும் வேலை நிற்கும். மெடிகேரை நடத்தும் சி.எம்.எஸ்., எல்லா அட்வான்டேஜ் ஒப்பந்தங்களையும் வருடந்தோறும் தணிக்கை செய்யப்போவதாகவும், தன் கோடர்களை 40-லிருந்து சுமார் 2,000 ஆக உயர்த்தப்போவதாகவும் 2025 மே மாதம் அறிவித்தது.

ஓர் இழப்பையும் சொல்லியாக வேண்டும். எச்.சி.சி.யில் சி.பி.டி. கோட்களுக்கு வேலையே இல்லை. இரண்டு மூன்று வருடத்தில் கை மறந்துவிடும், சர்ஜரி பக்கம் திரும்புவது கஷ்டம். சி.பி.சி. வைத்திருப்பவர்கள் அதைப் புதுப்பித்துக்கொண்டே, சி.ஆர்.சி. எழுதலாம். 100 கேள்விகள், 4 மணி நேரம்.

இன்டர்வியூவில் சம்பளம், ஷிஃப்ட் எல்லாம் கேட்பீர்கள். கூடவே இதையும் கேளுங்கள்: “இந்த ப்ராஜெக்ட்டில் கோட் சேர்க்க மட்டுமா, ஆதாரம் இல்லாததை நீக்கவும் சொல்வீங்களா?” சேர்க்க மட்டும்தான் என்று பதில் வந்தால், ஆஃபர் லெட்டரில் கையெழுத்து போடும் முன் இன்னொரு கம்பெனியையும் பார்த்துவிடுங்கள்.