விண்மீன்களின் ஒளியும் வெப்பமும் தூரமும்

மாசி மாதத்து இரவிலே, ஒன்பது மணியளவில், நம் கல்லூரி மைதானத்தின் நடுவே நின்று தெற்கு நோக்குவோமாயின், இரு பெரும் விண்மீன்களை ஏறக்குறைய ஒன்றன்கீழ் ஒன்றாகக் காணலாம். உயரத்தே வெண்ணிற ஒளி வீசி மினுங்குவது சீரியஸ். இராக்கால விண்மீன்கள் அனைத்தினும் ஒளி மிக்கது அதுவே. அதன் கீழே, அடிவானத்திலிருந்து ஏறக்குறைய 27 பாகை உயரத்தில் அமைதியாக ஒளிர்வது அகத்தியன். மேனாட்டார் இதனைக் கனோபஸ் என்பர். ஒளியில் இதற்கு இரண்டாம் இடம். இலண்டனில் வாழ்வோர் தம்மூரில் நின்று இதனை ஒருபோதும் காணார். நமக்கோ இஃது எளிதிற் கிடைத்த காட்சியாகும்.

இவ்விரண்டனுள் உண்மையிற் பெரியது எது? கண் சீரியஸ் என்றே விடை கூறும். அவ்விடை பொருந்துமா என்பதை ஆராய்வோம்.

தோற்ற ஒளி

பண்டைக் கிரேக்க வானநூலார் விண்மீன்களை ஆறு தரங்களாக வகுத்தனர். முதற்றரத்தன மிக்க ஒளியுடையன. ஆறாந்தரத்தன வெறுங் கண்ணுக்கு அரிதிற் புலப்படுவன. 1856 ஆம் ஆண்டில் நோர்மன் போக்சன் என்னும் ஆங்கிலேயர், ஐந்து தர வேற்றுமை ஒளியில் 100 மடங்கு வேற்றுமையாகும் என இதனைத் திட்டமாக வரையறுத்தார். இவ்வளவையிற் சீரியஸின் தரம் −1.46, அகத்தியனது தரம் −0.74. எண் குறையக் குறைய ஒளி கூடும். எனவே சீரியஸ் அகத்தியனிலும் ஏறத்தாழ இரு மடங்கு ஒளியுடையதாகத் தோன்றுகின்றது.

ஆயின் இது தோற்றமே. முற்றத்தில் வைத்த அரிக்கன் இலாம்பு, தொலைவிலுள்ள கலங்கரை விளக்கத்திலும் பிரகாசமாகத் தெரிதல் கூடும். தூரம் இரு மடங்காயின் ஒளி நாலிலொன்றாகும், மும்மடங்காயின் ஒன்பதிலொன்றாகும். ஆதலின் தூரத்தை அறியாது உண்மை ஒளியை அறிதல் இயலாது.

தூரம்

கையை நீட்டிப் பெருவிரலை நிறுத்தி, ஒரு கண்ணை மூடி மறு கண்ணாற் பார்க்க. பின்னர் கண்ணை மாற்றிப் பார்க்க. விரல் இடம் பெயர்வது போலத் தோன்றும். பூமி ஞாயிற்றைச் சுற்றுவதால், ஆறு மாத இடைவெளியில் நாம் ஏறக்குறைய 30 கோடி கிலோமீற்றர் அப்பாற் சென்று நின்று வானத்தை நோக்குகின்றோம். அப்பொழுது அண்மையிலுள்ள விண்மீன்களும் அவ்வாறே சிறிது இடம் பெயர்ந்து தோன்றுதல் வேண்டும். இதனை இடமாறு தோற்றம் என்பர்.

1543 இல் கொப்பர்னிக்கஸின் நூல் வெளிவந்த பின்னர், ஏறக்குறைய 300 ஆண்டுகளாக எவரும் இப்பெயர்ச்சியைத் திட்டமாக அளந்திலர். பூமி அசையவில்லை என வாதிட்டோர்க்கு இது பெருந்துணையாயிற்று. 1838 இற்றான் பெசல் என்னும் ஜேர்மனிய அறிஞர், அன்னக் கூட்டத்திலுள்ள ஒரு மங்கலான விண்மீனில் அதனை அளந்து காட்டினார். அதன் தூரம் ஏறக்குறைய 11 ஒளியாண்டு. ஓர் ஒளியாண்டு என்பது, செக்கனுக்கு 3 இலட்சம் கிலோமீற்றர் விரையும் ஒளி ஓராண்டிற் செல்லும் தூரம். அதாவது ஏறக்குறைய 9.46 இலட்சம் கோடி கிலோமீற்றர்.

சீரியஸின் தூரம் 8.6 ஒளியாண்டு. அகத்தியனோ நெடுங்காலம் பிடிகொடாது நின்றது. அதன் தூரத்தை 100 ஒளியாண்டிற்குக் குறைவு என்றாரும் உளர்; 1,000 இற்கு மேல் என்றாரும் உளர். 1989 இல் விண்ணிற் செலுத்தப்பட்ட ஹிப்பார்க்கோஸ் என்னும் செயற்கைக்கோளே இவ்வையத்தைத் தீர்த்தது. அது கண்ட கோணம் ஒரு விகலையில் ஏறத்தாழ நூறிலொரு பங்கு. ஓர் அங்குல அகலமுள்ள நாணயம் 500 கிலோமீற்றருக்கு அப்பால் இருப்பின் நமக்குக் காட்டும் கோணம் அத்துணைச் சிறிது. அதிலிருந்து கணித்த தூரம் ஏறக்குறைய 310 ஒளியாண்டு.

ஆகவே அகத்தியன் சீரியஸிலும் 36 மடங்கு தொலைவில் உள்ளது. சமதூரத்தில் வைத்து நோக்கின், அது சீரியஸைப் போல் ஏறத்தாழ 650 மடங்கு ஒளியுடையதாகும். கண் கூறிய விடை முற்றும் பிழையாயிற்று.

வெப்பம்

அங்ஙனமாயின் அகத்தியன் சீரியஸிலும் மிக்க வெப்பமுடையதோ? கொல்லன் உலையில் இரும்பு முதலிற் செந்நிறமடைந்து, பின் மஞ்சளாகி, ஈற்றில் வெண்ணிறம் பெறுவதைக் கண்டிருப்பீர்கள். விண்மீன்களும் அவ்வாறே நிறத்தாற் தம் மேற்பரப்பின் வெப்பநிலையைக் காட்டுகின்றன. செந்நிறத் திருவாதிரைக்கு ஏறக்குறைய 3,500 கெல்வின்; மஞ்சள் நிறத்ததெனப்படும் நமது ஞாயிற்றுக்கு 5,800; சீரியஸுக்கு 9,900. விண்மீனின் ஒளியை நிறமாலையாகப் பிரிக்குமிடத்துக் காணப்படும் கருங்கோடுகளும் வெப்பநிலையைப் புலப்படுத்தும். அக்கோடுகளை வெப்பநிலையோடு தொடர்புபடுத்தும் சமன்பாட்டை 1920 இல் வகுத்தவர் இந்திய விஞ்ஞானியாகிய மேகநாத சாகா.

அகத்தியனது வெப்பநிலை ஏறக்குறைய 7,400 கெல்வின். அது சீரியஸிலும் தணிந்தது! வெப்பநிலை குறைந்த மேற்பரப்பு குறைந்த ஒளியையே வீசும். 1879 இல் ஸ்டெபான் கண்ட விதியின்படி, அகத்தியனது மேற்பரப்பில் ஒரு சதுர மீற்றர் வீசும் ஒளி, சீரியஸின் அதே பரப்பு வீசுவதில் மூன்றிலொரு பங்கிற்கும் குறைவு. எனினும் மொத்த ஒளி 650 மடங்கு. இவ்விரண்டும் பொருந்துவதற்கு வழி ஒன்றே: அதன் பரப்பு சீரியஸின் பரப்பைப் போல் 2,000 மடங்களவில் இருத்தல் வேண்டும். அவ்வாறாயின் அதன் விட்டம் ஞாயிற்றின் விட்டத்தைப் போல் 70 மடங்கிற்கு மேற்படும். குறுமுனிவன் பெயர் தாங்கிய விண்மீன் ஓர் இராட்சத விண்மீனாய் முடிந்தது!

ஒளியை அளந்தோம், அது மட்டும் நம்மை ஏமாற்றிற்று. தூரத்தைச் சேர்த்தோம், உண்மை ஒளி புலனாயிற்று. வெப்பத்தைச் சேர்த்தோம், பருமையும் தெரிந்தது. எவரும் சென்று தீண்டாத பொருளை மனிதன் அறிந்த வழி இதுவே.

இன்னுமொன்று. இன்றிரவு நாம் காணும் சீரியஸின் ஒளி, ஆறாம் வகுப்பிற் சேர்ந்த மாணவனொருவன் உயர்தர வகுப்பு முடித்து வெளியேறும் காலத்திலும் சற்று அதிகமாகப் பயணஞ் செய்து வந்தது. அகத்தியனது ஒளியோ, யாழ்ப்பாணத்தை ஒல்லாந்தர் ஆண்ட நாளிற் புறப்பட்டது. விழாவிற் கூடும் பழைய மாணவர்கள், வீடு திரும்புமுன் ஒரு கணம் தெற்கு வானை நோக்குவார்களாக.