நடவு வயலும் பால்வாடியும்

முன்பெல்லாம் தஞ்சைப் பக்கம் நடவு நடக்கும் வயலோரத்தில் தூளி தொங்கும். பூவரசங்கிளையிலோ ஒதிய மரத்திலோ பழைய சேலையைக் கட்டி, அதற்குள் கைப்பிள்ளையைப் போட்டுவிட்டுத் தாய் சேற்றில் இறங்கிவிடுவாள். தூளியை ஆட்டுவது ஏழெட்டு வயது அக்காக்காரியின் பொறுப்பு. கைப்பிள்ளைக்கு மூத்ததாக இரண்டு வயதில் இன்னொன்று இருக்கும். அது வாய்க்கால் பக்கம் போய்விடாமல் பார்த்துக்கொள்வதும் அவள்தான். மேட்டூர் திறந்து வாய்க்கால் நிறையத் தண்ணீர் ஓடும் மாதங்களில் அந்தச் சிறுமி ஒரு நிமிடம் கண்ணயர்ந்தால் போதும். தண்ணீரோடு போன பிள்ளையின் கதையைச் சொல்ல டெல்டாவின் பல ஊர்களில் இன்றும் ஒரு கிழவி இருப்பாள். அந்த அக்காக்காரிக்குப் பள்ளிக்கூடம் என்பது வெள்ளாமை இல்லாத நாட்களில் எட்டிப் பார்க்கிற இடம்.

தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் 1952இல் வந்தது. ஆனாலும் மரக்காலில் அளந்து போடும் நெல்லுக்காகக் காத்திருக்கும் வாழ்க்கை உடனே மாறிவிடவில்லை. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்ட 44 பேரில் குழந்தைகளும் இருந்தார்கள். கூலியைக் கூட்டிக் கேட்டதற்கே அந்த விலை. பிள்ளையை விட்டுவிட்டுப் போக ஓர் இடம் வேண்டும் என்று ஒரு நடவாள் யாரிடம் போய்க் கேட்டிருக்க முடியும்?

அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பால்வாடிகள் இருக்கத்தான் செய்தன. மத்திய அரசின் ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2ஆம் தேதி தொடங்கியது. ஆனால் நாடு முழுவதற்கும் 33 வட்டாரங்களோடுதான். டெல்டாவின் தெருக்களுக்கு உண்மையான மாற்றம் வந்தது 1982 ஜூலை முதல் தேதி. திருச்சியை அடுத்த பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். காமராசர் காலத்து மதிய உணவு பள்ளிக்கு வந்த பிள்ளைகளுக்கு. புதிய திட்டமோ இரண்டு வயதுக் குழந்தையையும் பால்வாடிப் பந்தியில் உட்கார வைத்தது. அது வெறும் சோற்றுத் திட்டம் என்று அன்று கேலி பேசியவர்கள் உண்டு. தம்பியைச் சுமந்துகொண்டிருந்த அக்காக்காரியின் இடுப்பிலிருந்து பாரத்தை இறக்கிவைத்தது அந்தச் சோறுதான். பெண் பிள்ளைகள் படித்த கதையை எழுதுகிறவர்கள் பால்வாடியைச் சேர்த்து எழுதுவதில்லை; எழுத வேண்டும்.

அந்த நாள் பால்வாடிக்கென்று கட்டடம் கிடையாது. சாவடி, கோயில் மண்டபம், யாரோ ஒருவர் வீட்டுத் திண்ணை, கீற்றுக் கொட்டகை என எங்கே இடம் கிடைத்ததோ அங்கே நடந்தது. விறகுப் புகையில் கண்ணெரிந்தபடி ஆயா பொங்கினார். பள்ளியிறுதி வரை படித்த உள்ளூர்ப் பெண்தான் டீச்சர். சிலேட்டு இருந்தால் சிலேட்டில், இல்லையென்றால் மணலில் எழுதவைத்தார். குடியானத் தெருப் பிள்ளையும் சேரிப் பிள்ளையும் ஒரே வரிசையில் உட்கார்ந்து தின்பதை ஊர் லேசில் ஏற்கவில்லை. சமைக்கிறவர் எந்தத் தெரு என்று விசாரித்துவிட்டுப் பிள்ளையைத் திருப்பி அழைத்துப்போன வீடுகள் இருந்தன. இன்றும் சில ஊர்களில் அந்த விசாரணை நடக்கிறது. இதைவிட வெட்கக்கேடு இல்லை.

2004 ஜூலை 16. கும்பகோணத்தில் சத்துணவுச் சமையலறையில் பற்றிய தீ கீற்றுக் கூரைக்குப் பரவி 94 குழந்தைகள் இறந்தார்கள். அவர்கள் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள். ஆனால் பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டு வேலைக்குப் போகும் ஒவ்வொரு தாயின் வயிற்றிலும் அந்தத் தீ விழுந்தது. பள்ளிகளின் கீற்றுக் கூரைகளை அகற்ற உத்தரவு வந்தது அதற்குப் பிறகுதான். நம் பிள்ளைகள் ஓட்டுக்கும் காங்கிரீட்டுக்கும் அடியில் உட்காரக் கொடுத்த விலை அது.

பால்வாடிக்கு இன்றைக்குப் பெயர் அங்கன்வாடி மையம். டெல்டாவில் ஒரு நல்ல மையத்துக்குள் நுழைந்தால் கண் நிறைகிறது. சுவரில் யானையும் மயிலும். சமையல் எரிவாயுவில். வாரத்துக்கு மூன்று முட்டை. கலவைச் சாதம், சத்துமாவு, எடை பார்க்கும் கருவி, 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா' என்ற பாடத்திட்டம். பாட்டு, கதை, பொம்மலாட்டம் என்று மாதத்துக்கொரு பொருளை வைத்துக்கொண்டு பிள்ளைகளைப் பேசவைக்கிறார்கள்.

ஒரு மையத்தில் டீச்சர் புளியங்கொட்டையையும் வேப்பங்கொட்டையையும் கலந்து பாயில் கொட்டி, இனம் பிரிக்கச் சொன்னதைப் பார்த்தேன். மற்றப் பிள்ளைகள் பிரித்துக் குவித்தார்கள். நாலு வயதுச் சிறுமி ஒருத்தி மட்டும் புளியங்கொட்டைகளை எடுத்து, குனிந்தபடி, ஒரு சாண் விட்டு ஒரு சாணாக வரிசையாக வைத்துக்கொண்டே பின்னால் நகர்ந்தாள். "என்னடா கண்ணு பண்றே?" என்று டீச்சர் கேட்டார். "நாத்து நடுறேன் டீச்சர்" என்றாள். உடனே ஒரு பயல் எழுந்து வாயால் உறுமிக்கொண்டு, கையை அகல விரித்து, அவள் நட்டதையெல்லாம் வாரித் தள்ளினான். அவன் அறுப்பு மிஷின்! அவள் அழப்போனாள். டீச்சர் குறுக்கே விழுந்து, "வெளஞ்சிருச்சாடா அதுக்குள்ள? எத்தனை நாத்து நட்டான்னு எண்ணிட்டு அறு" என்றார். இரண்டு பேரும் சேர்ந்து எண்ணினார்கள். ஏழுக்குப் பிறகு ஒன்பது வந்தது. டீச்சர் எட்டை நடுவில் நுழைத்தார். பயிற்சி வகுப்பில் இதைச் சொல்லிக்கொடுத்துவிட முடியாது. இந்தப் பிள்ளை யார் வீட்டுப் பிள்ளை, அதன் அம்மா இன்று எந்த வயலில் நிற்கிறாள் என்று தெரிந்தவருக்கே வரும்.

கொஞ்சம் வசதி உள்ளவர்கள் பிள்ளையை மஞ்சள் வேனில் ஏற்றி நர்சரிப் பள்ளிக்கு அனுப்பிவிடுகிறார்கள். மையத்தில் எஞ்சுவது கூலிக்காரர் பிள்ளைகள், சூளைக்கு வந்தவர்கள் பிள்ளைகள், பெற்றோர் திருப்பூர் போய்விட அப்பாயி வளர்க்கும் பிள்ளைகள். கிடை போட்டுக்கொண்டு ஊர் ஊராகப் போகும் கீதாரிகளின் குழந்தைகள் நாலு நாள் வந்து பழகுவதற்குள் அடுத்த ஊருக்குப் போய்விடுவார்கள். காலையில் எதுவும் சாப்பிடாமல் வருகிற பிள்ளை பத்து மணிக்குப் பாட்டுப் பாடாது, சுருண்டு படுத்துக்கொள்ளும். தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நான்கில் ஒன்று வயதுக்கேற்ற உயரம் இல்லாமல் இருக்கிறது என்று 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. முட்டை கொடுத்தும் இந்த நிலை.

நடவு இன்று குழு வேலையாகிவிட்டது. பெண்கள் விடியலிலேயே குட்டியானை வண்டியில் ஏறி எட்டுப் பத்துக் கல் தொலைவுக்குப் போகிறார்கள். மையம் அதற்குப் பிறகே திறக்கிறது. அவர்கள் திரும்புவதற்கு முன்பே மூடிவிடுகிறது. இடைப்பட்ட நேரத்துக்குப் பக்கத்து வீட்டுக் கிழவிதான் கதி. நூறு நாள் வேலையில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஐந்து பேரோ அதற்கு மேலோ இருந்தால் பார்த்துக்கொள்ள ஆள் வைக்க வேண்டும் என்று விதி எழுதிவைத்தார்கள். ஏரிக்கரையிலும் வாய்க்கால் கரையிலும் அந்த ஆளைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது.

டீச்சரின் நேரத்தை இப்போது கைபேசி தின்கிறது. வருகை, எடை, உயரம், உணவு எல்லாம் 'போஷன் டிராக்கர்' செயலியில் ஏற வேண்டும். சத்துமாவு வாங்க வரும் தாயின் முகத்தைப் படம்பிடித்துப் பொருத்தவும் வேண்டும். சிக்னல் கிடைக்காத ஊரில் அவர் கைபேசியைத் தூக்கிக்கொண்டு வாசலில் நிற்கிறார். உள்ளே கதை பாதியில் நிற்கிறது. கணக்கு வேண்டாம் என்று சொல்லவில்லை. கணக்கெழுத ஓர் ஆளைப் போடட்டும். 54,439 மையங்கள் உள்ள மாநிலத்தில் 7,783 காலியிடங்களுக்கு 2025இல்தான் அறிவிப்பு வந்தது. அதுவரை பல இடங்களில் ஒரே டீச்சர் இரண்டு மையங்களுக்கு ஓடினார், ஆயா இல்லாத மையத்தில் டீச்சரே சமைத்தார்.

இவ்வளவுக்கும் அவர் பெறுவதற்குப் பெயர் சம்பளம் இல்லை, மதிப்பூதியம். அதில் மத்திய அரசு பணியாளருக்கு 4,500 ரூபாய், உதவியாளருக்கு 2,250 ரூபாய் என்று நிர்ணயித்தது 2018 அக்டோபரில். மாநில அரசு தன் பங்கைச் சேர்க்கிறது. அங்கன்வாடிப் பணியாளர்களுக்குப் பணிக்கொடை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2022 ஏப்ரலில் தீர்ப்பளித்தபோது, இவர்களை வெறும் தொண்டர்கள் என்று சொல்லித் தட்டிக்கழிக்கும் பேச்சுக்கு அடி விழுந்தது. மூன்று வயதுப் பிள்ளைக்குச் சோறூட்டி, மூக்கைத் துடைத்து, எட்டை நடுவில் நுழைத்துக்கொடுப்பவர் ஆசிரியர். அரசு அவரை ஆசிரியராக நடத்த வேண்டும்.

அடுத்த கிராம சபைக்கு நீங்கள் போனால், சாலையையும் தெருவிளக்கையும் கேட்ட பிறகு, உங்கள் ஊர் பால்வாடி காலையில் எத்தனை மணிக்குத் திறக்கிறது, நடவுக்குப் போகிறவர்களுக்கு அந்த நேரம் ஒத்துவருகிறதா, டீச்சர், ஆயா இருவரும் பணியில் இருக்கிறார்களா என்று கேளுங்கள். பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள்.