பெல்பாட்டம் திரும்பி வந்தாச்சு! டேப் பிடித்த டைலர் எங்கே?

‘பாட்டம் எத்தனை இஞ்ச் சார்?’ கேட்க ஆள் இல்லை

சென்னை நகரில் மாலை ஆறு மணிக்கு மாம்பலம் ஸ்டேஷன் படிக்கட்டு ஓரமாக ஐந்து நிமிடம் நில்லுங்கள். இறங்கி வருகிறவர்களின் முகத்தைப் பார்க்க வேண்டாம். காலை மட்டும் பாருங்கள்.

காலேஜ் வாலிபரின் பேண்ட் லொடலொடவென்று ஷூவை மூடிக்கொண்டு வருகிறது. அவருக்குப் பின்னால் வரும் நாற்பது வயது ஆபீஸ் ஆசாமியின் பேண்ட் கணுக்காலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வருகிறது. அறுபதைத் தாண்டியவர் என்றால் தொப்புள் வரை ஏற்றிக் கட்டிய, அளவெடுத்துத் தைத்த பேண்ட். ஒரே படிக்கட்டில் மூன்று தலைமுறை, மூன்று பாட்டம்!

“இதென்னய்யா புதுசு? 1975ல நாங்க போட்டதுதானே!” என்று பெரியவர்கள் சிரிக்கிறார்கள். பாதி சரி. பாதி தப்பு. அகலம் திரும்பி வந்திருக்கிறது. அந்த அகலத்தை வெட்டித் தைத்தவர் திரும்பி வரவில்லை.

குழாயில் ஆரம்பம்

1960களில் வாலிபர்களின் ஆசை குழாய் பேண்ட். 1964ல் வந்த ‘காதலிக்க நேரமில்லை’ ரவிச்சந்திரனை நினைத்துப் பாருங்கள். பாட்டம் சுற்றளவு 12, 13 இஞ்ச்தான் இருக்கும். காலை உள்ளே நுழைப்பதே ஒரு வித்தை. கழற்றுவதற்கு இன்னொருவர் பிடித்து இழுக்க வேண்டும் என்று வீட்டில் கிண்டல் செய்வார்கள்.

அப்புறம் வந்தது பெல்பாட்டம். கப்பல் மாலுமிகள் போட்ட பேண்ட் அது. மேல்நாட்டுப் பாட்டுக்காரர்கள் போட்டார்கள், சினிமாக்காரர்கள் போட்டார்கள், கடைசியில் திருவல்லிக்கேணி மேன்ஷன் குமாஸ்தாவும் போட்டார். 1979ல் ‘நினைத்தாலே இனிக்கும்’ வந்தபோது நகரத்தில் பெல்பாட்டம் இல்லாத வாலிபர் பழைய பஞ்சாங்கம்! பாட்டம் 24, 26 இஞ்ச். துணிந்தவர்களுக்கு 30. கூடவே நாய்க்காது மாதிரி காலர் வைத்த சட்டை.

தெருவைக் கூட்டிக்கொண்டு போகும் அந்த பேண்ட்டுக்கு ஒரு தொல்லை. குதிகால் பக்கம் தேய்ந்து நூல் நூலாகப் பிரிந்துவிடும். டைலர்கள் கண்டுபிடித்த வைத்தியம் என்ன தெரியுமா? பாட்டம் மடிப்பின் ஓரத்தில் ஜிப்பின் பல்லை வைத்துத் தைத்துவிடுவது! ரோட்டில் தேய்வது ஜிப். துணி தப்பித்தது. இதை எந்த மேல்நாட்டுப் பத்திரிகையும் சொல்லிக் கொடுக்கவில்லை. நம்ம ஊர் மிஷினில் பிறந்த யோசனை.

1980களில் பாட்டம் சுருங்கி ‘பேரலல்’ ஆனது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் பேகி வந்தது. இடுப்பில் ரெண்டு ரெண்டு பிளீட், தொடையில் காற்று, கீழே மறுபடியும் குறுகல். 1994ல் ‘காதலன்’ படத்தில் பிரபுதேவா ஆடிய ஆட்டத்துக்குப் பிறகு தொளதொள சட்டையும் சேர்ந்துகொண்டது. 2000க்குப் பிறகு லோ வெயிஸ்ட். குனிந்தால் மானம் போகும். அடுத்து பென்சில் பேண்ட். பள்ளிக்கூட வாசலில் ஹெட்மாஸ்டர்கள் பையன்களைப் பிடித்து நிறுத்தி, “இதுல எப்படிடா கால விட்ட?” என்று கேட்ட காலம் அது. இப்போது மறுபடியும் அகலம்.

காஜா மட்டும் பாக்கி சார்!

குழாயிலிருந்து பேகி வரை எல்லாமே தெருமுனை டைலர் கடையைத் தாண்டித்தான் வந்தது. கோடவுன் தெருவிலோ ரங்கநாதன் தெருவிலோ ஒன்றேகால் மீட்டர் பேண்ட் துணி எடுக்க வேண்டும். டெரிகாட்டன் என்றால் கௌரவம்; இஸ்திரி போடாமலே மடிப்பு நிற்கும். அதை மார்போடு அணைத்துக்கொண்டு மாஸ்டரிடம் போக வேண்டும்.

மாஸ்டர் கழுத்தில் டேப். காதில் பென்சில். இடுப்பு, சீட், தொடை, முட்டி, பாட்டம், நீளம் என்று வரிசையாகச் சொல்வார். பக்கத்துப் பையன் எழுதிக்கொள்வான். துணியின் மூலையில் ஒரு துண்டு நறுக்கி ரசீதோடு பின் குத்திக் கொடுப்பார்கள். கடைசியில் அந்தக் கேள்வி வரும்:

“பாட்டம் எத்தனை வைக்கட்டும் சார்?”

“இருபத்தாறு வைங்க மாஸ்டர்.”

“அப்பா சம்மதிச்சாரா?”

பாதி வீடுகளில் அப்பா முன்கூட்டியே வந்து, “இருபதுக்கு மேல வச்சா துணியைத் திருப்பி அனுப்பிடுவேன்” என்று மாஸ்டரை மிரட்டிவிட்டுப் போயிருப்பார். மாஸ்டர் இருவருக்கும் நல்லவராக இருபத்திரண்டு வைப்பார். ரெண்டு பேரும் திட்டுவார்கள்!

தீபாவளி வந்தால் கேட்க வேண்டாம். பத்து நாள் முன்பே ‘ஆர்டர் எடுக்கப்பட மாட்டாது’ என்று போர்டு தொங்கும். முந்தின நாள் ராத்திரி பதினொரு மணிக்குப் போனாலும், “காஜா மட்டும் பாக்கி சார், உக்காருங்க” என்பார்கள். உட்கார்ந்தவர்கள் விடியற்காலை வெடிச் சத்தத்தில் எழுந்ததுண்டு.

பேண்ட்டுக்குள் ஒளிந்திருந்த சேமிப்பு

சம்பளக்காரர்களுக்கு அந்த பேண்ட்டில் ஒரு பெரிய சௌகரியம் இருந்தது. பின்பக்க நடுத் தையலை உள்ளே புரட்டிப் பாருங்கள். ஒன்றரை, ரெண்டு இஞ்ச் துணி மடித்து விட்டிருப்பார் மாஸ்டர். கல்யாணம் ஆகி வயிறு வைத்தால் பிரித்து விடலாம். பாட்டத்திலும் மடிப்பு உண்டு. பையன் வளர்ந்தால் இறக்கலாம். அண்ணன் பேண்ட் தம்பிக்கு, தம்பி பேண்ட் அடுத்தவனுக்கு என்று ஒரே பேண்ட் மூன்று பேரை வளர்த்த வீடுகள் உண்டு.

இன்றைய ரெடிமேட் பேண்ட்டை உள்ளே திருப்பிப் பாருங்கள். தையலை ஒட்டி ஓரம் அடித்திருக்கும். நிறைய பேண்ட்டில் அரை இஞ்ச் கூட மிச்சம் கிடையாது. கம்பெனிக்கு ஆயிரக்கணக்கில் வெட்டும்போது அரை இஞ்ச் துணியும் காசுதான். ஆனால் வயிறு கம்பெனியைக் கேட்டா வளர்கிறது? ரெண்டு இஞ்ச் கூடினால் பேண்ட் முழுசும் போச்சு. புதுசு வாங்கு!

ஒரு டைலர் செய்த ஜீன்ஸ்

வேடிக்கை என்னவென்றால், ரெடிமேடுக்கு ராஜாவான ஜீன்ஸைக் கண்டுபிடித்தவரே ஒரு டைலர்தான். அமெரிக்காவில் நெவாடா மாநிலம் ரீனோ நகரில் ஜேக்கப் டேவிஸ் என்று ஒருவர். மரம் வெட்டும் தொழிலாளிக்குக் கிழியாத பேண்ட் வேண்டும் என்று அவன் மனைவி வந்து கேட்டாள். பாக்கெட் மூலையில் செம்பு ஆணி அடித்துக் கொடுத்தார். ஊரே கேட்க ஆரம்பித்தது. பேட்டன்ட் வாங்கக் கையில் காசில்லை. துணி வியாபாரி லீவை ஸ்ட்ராஸோடு கூட்டுச் சேர்ந்து 1873 மே 20ல் பதிவு செய்தார்கள். ஸ்ட்ராஸின் பேர் இன்று உலகம் பூரா இடுப்பில் இருக்கிறது. டேவிஸை யாருக்குத் தெரியும்?

நம் நாட்டிலும் ஜீன்ஸும் டைலரும் ஒரு தடவை கைகோத்தார்கள். 1995 வாக்கில் அர்விந்த் மில்ஸ் கம்பெனி ‘ரஃப் அண்ட் டஃப்’ என்று ஒரு பொட்டலம் போட்டது. உள்ளே டெனிம் துணி, ஜிப், ஆணி, பட்டை எல்லாம் இருக்கும். விலை சுமார் 200 ரூபாய். வாங்கி உள்ளூர் டைலரிடம் கொடுத்தால் நம் அளவுக்கு ஜீன்ஸ்! ஊர் ஊராக டைலர்களைப் பிடித்துப் பழக்கினார்கள். சக்கைப்போடு போட்டது. ஆனால் ரெடிமேட் விலை இறங்க இறங்க, பொட்டலம் காணாமல் போயிற்று.

இறுக்கினாலும் நஷ்டம், தளர்த்தினாலும் நஷ்டம்

டைலரை வீழ்த்தியது விலை மட்டும் அல்ல. துணியும்தான்.

குழாய் பேண்ட் தைக்க டைலர் வேண்டும். தொடையில் கால் இஞ்ச் தப்பினால் உட்காரும்போது டர்ர் என்று கிழியும். ஆனால் பென்சில் ஜீன்ஸுக்கு டைலர் வேண்டியதில்லை. ரப்பர் மாதிரி இழுபடும் நூல் அதில் கலந்திருக்கிறது. 1958ல் அமெரிக்க டூபான்ட் கம்பெனியில் உண்டாக்கிய சரக்கு. லைக்ரா என்று பேர். நூற்றுக்கு ரெண்டு பங்கு கலந்தால் போதும், யார் காலிலும் ஒட்டிக்கொள்ளும்.

பெல்பாட்டம் கதையும் அப்படியே. அது கீழேதான் அகலம். தொடையிலும் முட்டியிலும் கச்சிதமாகப் பிடிக்க வேண்டும். முட்டிக்கு எத்தனை இஞ்ச் கீழே விரிய ஆரம்பிக்க வேண்டும் என்பது ஆளுக்கு ஆள் மாறும். கைதேர்ந்த மாஸ்டரின் பேர் நின்றது அந்த இடத்தில்தான். இன்றைய அகல பேண்ட் மேலிருந்து கீழ் வரை தொளதொள. பலவற்றுக்கு இடுப்பில் எலாஸ்டிக், நாடா. சட்டையும் அப்படியே; தோள்பட்டைத் தையல் முழங்கையைப் பார்த்து இறங்கிக்கொண்டிருக்கிறது. அதுதான் ஸ்டைலாம்! அளவே வேண்டாம் என்றால் அளவெடுப்பவர் எதற்கு?

ஒருவர் ஒரு பேண்ட்டை முழுசாகத் தைக்க அரை நாள் போகிறது. பேக்டரியில் பாக்கெட் ஒரு கை, ஜிப் ஒரு கை, பெல்ட் பட்டி ஒரு கை என்று பல கை மாறி மளமளவென்று விழுகிறது. பிளாட்பாரத்தில் ஒரு பேண்ட் விற்கும் விலைக்குத் தையல் கூலி கூடக் கட்டுப்படியாகாது. மகனைத் தொழிலுக்குக் கொண்டுவரும் டைலர் இன்று அபூர்வம்.

லேபிளை நம்பாதீர்!

சரி, ரெடிமேட் பொருந்துகிறதா? கடைக்காரர்களைக் கேளுங்கள். ட்ரையல் ரூமில் நாலு பேண்ட் போட்டு மூன்றைத் திருப்பிக் கொடுப்பவர்கள்தான் அதிகம்.

காரணம் இருக்கிறது. கம்பெனிக்காரர்கள் ஒரு நடுத்தர அளவை வைத்துக்கொண்டு மேலும் கீழும் கணக்காகப் பெருக்குகிறார்கள். இடுப்பு கூடினால் தொடையும் கூடும் என்பது அவர்கள் கணக்கு. நம் ஆசாமிகள் அப்படியா? வயிறு 38, கால் வெண்டைக்காய்! இடுப்பு பிடித்தால் தொடை தொங்குகிறது. தொடை பிடித்தால் பட்டன் போட முடிவதில்லை. மாஸ்டரின் நோட்டில் இதற்கெல்லாம் குறி இருந்தது. யாருக்கு ஒரு தோள் சரிவு, யாருக்குக் கூன் என்று கேட்காமலே குறித்துக்கொள்வார். அதை அவர் யாரிடமும் சொன்னதும் கிடையாது.

இன்னொரு கூத்து. 2010ல் அமெரிக்காவில் ஒரு பத்திரிகையாளர் கடை கடையாக டேப்போடு போய் அளந்து பார்த்தார். 36 என்று லேபிள் ஒட்டிய ஒரு பேண்ட்டின் இடுப்பு 41 இஞ்ச் இருந்தது! ‘நான் இன்னும் 36தான்’ என்று வாங்குபவர் மனம் குளிர வேண்டுமாம்.

வெளிநாட்டு அளவை வைத்தே நம் நாட்டில் வெட்டிக்கொண்டிருந்தார்கள். நம் ஜனங்களுக்கு என்று தனி அளவு வேண்டும் என்று நிஃப்ட் நிறுவனமும் மத்திய ஜவுளித் துறையும் ‘இந்தியா சைஸ்’ திட்டத்தை 2018ல் அறிவித்தன. 6 நகரங்களில், 15 வயது முதல் 65 வயது வரை, ஆணும் பெண்ணுமாக 25 ஆயிரம் பேருக்கு மேல் ஸ்கேனர் மிஷினில் நிறுத்தி அளப்பது என்று திட்டம். தெருமுனை மாஸ்டர்கள் நோட்டுப் புத்தகத்தில் எழுதி எழுதி எடைக்குப் போட்ட கணக்குத்தான் அது!

வெட்டுகிற வேலை மிச்சம்

இன்று பாண்டி பஜார், ரங்கநாதன் தெரு பக்கம் பிளாட்பாரத்தில் மிஷின் போட்டு உட்கார்ந்திருப்பவர்களில் பலர் ஒரு காலத்தில் முழு பேண்ட் தைத்தவர்கள். இன்று அவர்களுக்கு வரும் வேலை ஒன்றே ஒன்று: “அண்ணே, நீளம் குறைக்கணும்.” நெட்டைக் கால்களுக்கு வெட்டிய ஜீன்ஸில் மூன்று இஞ்ச், நாலு இஞ்ச் கழிகிறது. காலடியில் ஒரு கோணிப்பை நிறைய டெனிம் வளையங்கள்.

அவர்கள் சொல்லும் நாலு யோசனை வாசகர்களுக்கு உபயோகப்படும். லேபிளைப் பார்க்காதீர்கள், பொருந்துகிற பழைய பேண்ட்டைத் தரையில் விரித்து இடுப்பு, தொடை, நீளம் அளந்து எழுதிப் பாக்கெட்டில் வைத்துக்கொள்ளுங்கள். ட்ரையல் ரூமில் நின்றால் போதாது, உட்கார்ந்து பாருங்கள். பருத்தி ஜீன்ஸை ஒரு தடவை துவைத்த பிறகு நீளம் குறையுங்கள். சுருங்கினால் கணுக்கால் தெரியும். இடுப்பை ரெண்டு இஞ்சுக்கு மேல் பிடிக்கச் சொல்லாதீர்கள். பின்பாக்கெட் ரெண்டும் ஒன்றை ஒன்று முத்தமிடும்.

இப்போது அவர்களிடம் ஒரு புது கிராக்கி வருகிறது. அப்பாவின் டிரங்குப் பெட்டியிலிருந்து பழைய பேண்ட்டை எடுத்துக்கொண்டு காலேஜ் பையன்கள் வருகிறார்கள். பேகி, பேரலல், அதிர்ஷ்டம் இருந்தால் பெல்பாட்டம். “இத எனக்கு சரி பண்ணிக் குடுங்கண்ணே.” பிரித்துப் பார்த்தால் உள் மடிப்பில் ரெண்டு இஞ்ச் துணி, வாங்கின அன்று இருந்த கலரிலேயே இருக்கிறது.

அப்புறம் டேப் கழுத்திலிருந்து இறங்குகிறது. “நேரா நில்லு தம்பி. பாட்டம் எவ்வளவு வைக்கட்டும்?”

பையனுக்குப் பதில் தெரியவில்லை. அவனை அதுவரை யாரும் கேட்டதில்லை.