பாட்டி பேரைச் சொல்லி தனியாகக் கிளம்பிய பாட்டுக்காரர்!

மணலியில் சாயங்கால ஷிப்டு முடிந்து பஸ்சுக்கு நிற்கிறவரைக் கேளுங்கள். "என்ஜாய் எஞ்சாமி பாட்டு தெரியுமா?" என்றால், "தெரியாம என்ன சார்!" என்பார். "எழுதினது யாரு?" என்றால் கொஞ்சம் யோசிப்பார். அந்த யோசனையில்தான் இந்தக் கதையே இருக்கிறது.

எழுதியவர் அறிவு. சொந்த ஊர் அரக்கோணம்.

19 பேரில் ஒருவர்

2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் ஒரு கச்சேரி. டைரக்டர் பா.ரஞ்சித்தும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்த்த 19 பேர் மேடை ஏறினார்கள். நம்ம வடசென்னை கானா, பறை, மேல்நாட்டு ராக், ராப் எல்லாம் ஒரே மேடையில்! குழுவின் பெயர் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்'. 1907-ல் 'ஒரு பைசாத் தமிழன்' பத்திரிகை தொடங்கிய அயோத்திதாசப் பண்டிதர் சொன்ன 'சாதி பேதமற்ற' என்ற சொல்லில் இருந்து பிறந்த பெயர் அது. ராயபுரம் இசைவாணி அதில் ஒரே பெண். ராப் பாடிய இளைஞர்தான் அறிவு.

மறு வருஷமே, 2019-ல், இசையமைப்பாளர் ஆஃப்ரோவுடன் சேர்ந்து 'தெருக்குரல்' என்ற ஆல்பம் போட்டார். குழுவுக்கு வெளியேயும் அவர் குரல் கேட்கத் தொடங்கியது.

தேயிலைத் தோட்டத்துப் பாட்டி

2021 மார்ச்சில் வந்தது 'என்ஜாய் எஞ்சாமி'. பாடகி தீயும் அறிவும் பாடினார்கள். தயாரித்தவர் சந்தோஷ் நாராயணன். பாட்டுக்குள் இருந்தது அறிவின் பாட்டி வள்ளியம்மாளின் கதை. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துவிட்டு ஊர் திரும்பியவர் அவர்.

1964-ல் சாஸ்திரியும் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தத்தில் 5 லட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியா ஏற்பதாக முடிவானது. தோட்டத்தில் வேர்வை சிந்தியவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை! பர்மாவில் இருந்து மூட்டை முடிச்சோடு வந்தவர்களைப் பார்த்த வடசென்னைக்கு இந்த வலி புதுசா என்ன?

பாட்டு யாருடையது?

2022 ஜூலை. சென்னை செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழா. அதே பாட்டு மேடை ஏறியது. அறிவு அங்கே இல்லை. "நான்தான் எழுதினேன், மெட்டமைத்தேன், பாடினேன்" என்ற பொருளில் அவர் இன்ஸ்டாகிராமில் எழுதினார். இசை தன்னுடையது, வருமானமும் உரிமையும் மூவருக்கும் சமம் என்று சந்தோஷ் நாராயணன் பதில் சொன்னார். ஊரே இரண்டு கட்சியானது. ஆனால் 2024 மார்ச்சில் அதே சந்தோஷ் நாராயணன் சொன்னதுதான் வேடிக்கை: உலகமே கேட்ட அந்தப் பாட்டால் தங்களுக்கு அதுவரை ஒரு பைசாகூட வரவில்லையாம்!

தனி ஆல்பம்

அந்த 2024-ல்தான் அறிவின் தனி ஆல்பம் வந்தது. பெயர் 'வள்ளியம்மா பேராண்டி'. கூட மேடை ஏறுவது அவரே அமைத்த 'அம்பாசா' இசைக்குழு. எந்தப் பாட்டி கதையை வைத்து உலகம் ஆடியதோ, அந்தப் பாட்டி பெயரையே ஆல்பத்தின் நெற்றியில் ஒட்டிவிட்டார். இனி யாரும் கேட்க வேண்டியதில்லை, யார் பாட்டு என்று!

மணலி முதல் ராயபுரம் வரை எத்தனையோ கானா வாயிலிருந்து வாய்க்குப் போகிறது. கட்டினவர் பெயர் மட்டும் பாதியிலேயே தொலைந்துவிடுகிறது. அடுத்த தடவை பஸ்சில் ஒரு பாட்டு பிடித்திருந்தால், "யாரு எழுதினது?" என்று பக்கத்து சீட்டுக்காரரைக் கேட்டுப் பாருங்கள். பாட்டுக்காரனுக்கு அதுவும் ஒரு கூலிதான்.