எலும்புடைக்கும் பறவை: ஒரு ஸ்பானியத் தொகைச்சொல்

மரங்கொத்தி, மீன்கொத்தி என்னும் பெயர்களைக் காரணப்பெயருக்கு உதாரணமாக நாம் வகுப்பிற் காட்டுவதுண்டு. முன்னே பெயர்; பின்னே வினை; ஈற்றில் வினைமுதற்பொருள் தரும் இகர விகுதி. இத்தகைய தொகை பிறமொழியில் எங்ஙனம் அமையும் என அறிய விரும்புவார்க்கு, ஸ்பானிய மொழியிலுள்ள 'கெப்ரந்தாவேசோஸ்' என்னும் பறவைப்பெயர் நல்விருந்தாகும்.

'கெப்ரந்தா' என்பது உடைக்கிறது. 'வேசோஸ்' என்பது எலும்புகள். வினை முன்னும் பெயர் பின்னுமாக நிற்றலின், நம் முறைக்கு இது தலைகீழ். வினைமுதல் காட்டும் விகுதியும் இல்லை. பின்மொழி பன்மையாயினும் தொகை ஒரு பறவையையே சுட்டும். பல பறவைகளைக் குறிக்கும்போதும் சொல் திரியாது, முன்வரும் சுட்டுச்சொல்லே மாறும். முதன்மொழி படர்க்கை நிகழ்கால முற்றோ, முன்னிலை ஏவலோ என்பதில் இலக்கணகாரர் ஒருமைப்பட்டிலர். இரண்டிற்கும் வடிவம் ஒன்றே. அதன் மூலமான இலத்தீன் வினைக்கோ படீரென ஒலித்தல் என்பதே பொருள். ஒலி பின்னர் உடைவாயிற்று.

வியப்பு யாதெனின், ஸ்பானியத்தின் தாயாகிய இலத்தீன் இப்பொருளையே 'ஒசிபிராகா' எனத் தமிழ்போற் பெயரை முன்வைத்து வழங்கிற்று. மகள்மொழி அம்முறையை மாற்றிக்கொண்டது. அவ்விலத்தீன் பெயரே திரிந்து ஆங்கிலத்தில் 'ஒஸ்பிறே' ஆயிற்று என்பர் பலர். 'இரைப்பறவை' எனப் பொருள்படும் வேறொரு தொடரே மூலம் என்பாரும் உளர். அஃது எவ்வாறாயினும், ஒஸ்பிறே மீனுண்ணும் பறவை, எலும்புடைப்பதன்று. அதனை 'விராலடிப்பான்' என்ற நம்மவர் கண்டதையே சொன்னார்.

ஸ்பானியரும் கண்டதையே சொன்னார். அவர் குறித்தது தாடிக்கழுகு. அதன் உணவிற் பெரும்பகுதி செத்த விலங்குகளின் எலும்பே. சிறியவற்றை அப்படியே விழுங்கும். பெரியவற்றைக் கால்களிற் பற்றி உயரப் பறந்து, பாறைமேல் விழவிட்டுச் சிதறச் செய்யும். ஒருமுறையில் உடையாதாயின் மீண்டும் எடுத்துச் செல்லும்.

இதே பறவைக்கு ஜேர்மானியர் இட்ட பெயர் 'லெம்மர்கையர்'. ஆட்டுக்குட்டிக் கழுகு என்பது பொருள். குட்டிகளையும் குழந்தைகளையும் தூக்கிச் செல்வதென்னும் பொய்க்கதை அப்பெயரோடு ஒட்டியே வளர்ந்தது. அல்ப்ஸ் மலைநாட்டில் அதனைக் கொல்வார்க்குப் பரிசும் கொடுத்தனர். அங்கு எஞ்சியிருந்த பறவையை 1913 இல் சுட்டு வீழ்த்தினர். 1986 இலேதான், கூட்டில் வளர்த்த குஞ்சுகளை ஒஸ்திரியாவில் மீண்டும் பறக்கவிடத் தொடங்கினர். மெய்ப்பெயர் வழங்கிய ஸ்பெயினிலும் துப்பாக்கியும் நஞ்சும் ஓயவில்லை. சென்ற நூற்றாண்டின் முடிவில் பிரனீஸ் மலையில் மட்டுமே அது நிலைத்திருந்தது.