பந்து கேட்ட சிறுமி



கிறிஸ்மஸ் பரிசாகக் கால்பந்து வேண்டும் என்று ஆசைப்பட்டாள் ஒரு சிறுமி. பெற்றோர் வாங்கித் தந்ததோ ஓர் அழகான பொம்மை! அவள் அழுது அடம்பிடிக்கவில்லை. பொம்மையை எடுத்துக்கொண்டு தெருவிலே இறங்கினாள். ஒரு சிறுவனிடம் அதைக் கொடுத்துவிட்டு, அவன் வைத்திருந்த பந்தை வாங்கிக்கொண்டாள். அந்தச் சிறுமிதான் பின்னாளில் ஐரோப்பா வியந்து பார்த்த கால்பந்து வீராங்கனை ரோஸ் ரைலி.

ரோஸ் 1955 ஆம் ஆண்டு ஸ்காட்லாந்து நாட்டில் பிறந்தார். வளர்ந்தது ஸ்டூவர்ட்டன் என்னும் சிற்றூரில். தொப்பி செய்யும் தொழிலுக்குப் பேர்பெற்ற ஊர் அது. இந்தத் தொப்பியைச் சற்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்!

அக்காலத்தில் அங்கே பெண்கள் கால்பந்து ஆடுவதை யாரும் விரும்பவில்லை. ஆனால் பெண்களுக்குத் திறமை இல்லாமல் இல்லை. 1920 ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் நடந்த ஒரு பெண்கள் போட்டியைக் காண 53,000 பேர் கூடினார்கள். மறு ஆண்டே, இவ்விளையாட்டு பெண்களுக்குப் பொருந்தாது என்று கூறி, ஆங்கிலக் கால்பந்துச் சங்கம் தன் மைதானங்களின் கதவுகளை அவர்களுக்கு அடைத்துவிட்டது. அத்தடை சுமார் ஐம்பது ஆண்டுகள் நீடித்தது. பெண்கள் கால்பந்தையும் ஆதரிக்க வேண்டும் என்ற யோசனை 1971 இல் ஐரோப்பிய நாடுகளின் முன் வந்தபோது, எதிர்த்து வாக்களித்த ஒரே நாடு ஸ்காட்லாந்து!

இத்தகைய நாட்டில் ஒரு பெண் எப்படி ஆடுவது? ரோஸ் தலைமுடியைக் கத்தரித்துக்கொண்டு, 'ராஸ்' என்ற ஆண்பெயருடன் சிறுவர் குழுவில் ஆடினார். ஒரு போட்டியில் எட்டுக் கோல்கள் போட்டார். புகழ்பெற்ற செல்டிக் குழுவுக்கு ஆள் தேடி வந்தவர் அந்த ஆட்டத்தைக் கண்டு, "இந்தப் பையன் எங்களுக்கு வேண்டும்" என்று கேட்டாராம். பையன் அல்ல, பெண் என்று தெரிந்ததும் பேச்சு அத்துடன் முடிந்தது.

1972 நவம்பரில் ஸ்காட்லாந்துப் பெண்கள் முதன்முறையாக அதிகாரப்பூர்வமாக இங்கிலாந்தை எதிர்த்து ஆடினார்கள். பதினேழு வயது ரோஸ், மைதானத்தின் மூலையிலிருந்து உதைத்த பந்து நேராகக் கோலுக்குள் புகுந்தது. ஆயினும் இங்கிலாந்து 3-2 என வென்றது.

உள்நாட்டில் வழி இல்லை என்று கண்ட ரோஸ் சோர்ந்துவிடவில்லை. ஒரு செய்தித்தாள் அலுவலகத்துக்குச் சென்று, ஊதியம் பெற்று ஆட எங்கே போகலாம் என்று கேட்டார். அதன் பயனாக 1973 இல் பிரான்சின் ரெய்ம்ஸ் குழுவில் இடம் கிடைத்தது. விரைவிலேயே இத்தாலியின் மிலான் குழு அவரை அழைத்துக்கொண்டது. மொழி தெரியாத ஊர், புதிய உணவு, புதிய மனிதர்கள். எல்லாவற்றையும் பழகிக்கொண்டார். ஆனால் 1975 இல் ஸ்காட்லாந்துப் பெண்கள் கால்பந்துச் சங்கமே அவருக்குக் காலவரையற்ற தடை விதித்தது. தாய்நாட்டின் சட்டையை அவர் மீண்டும் அணிய முடியவில்லை.

இத்தாலி அவரை இரு கை நீட்டி ஏற்றது. பல குழுக்களுக்கு ஆடி, எட்டு முறை அந்நாட்டின் சாம்பியன் பட்டத்தை வென்றார். ஒரு பருவத்தில் சனிக்கிழமை இத்தாலியிலும் ஞாயிற்றுக்கிழமை பிரான்சிலுமாக ஆடி, இரு நாடுகளிலும் பட்டம் பெற்றார் என்றால் அவருடைய உழைப்பை என்னென்பது! இத்தாலி நாட்டு அணியிலும் இடம்பெற்றார். பெண்களுக்கு அதிகாரப்பூர்வமான உலகக் கோப்பை என்று ஒன்று 1991 வரை இல்லை. அதற்கு முன் நடந்த 'சின்ன உலகக் கோப்பை' போட்டியில், 1984 இல் இத்தாலி மேற்கு ஜெர்மனியை 3-1 என வென்றது. அந்த இறுதி ஆட்டத்தில் ரோஸும் ஒரு கோல் போட்டார்.

பல ஆண்டுகளுக்குப் பின் ரோஸ் குடும்பத்துடன் தம் சிற்றூருக்கே திரும்பினார். ஒதுக்கிய நாடு மெல்ல மெல்ல மனம் மாறியது. 2007 இல் ஸ்காட்லாந்துக் கால்பந்தின் புகழாளர் வரிசையில் இடம்பெற்ற முதல் பெண் அவரே. ஊரின் விளையாட்டு நிலையத்துக்கும் அவர் பெயரையே சூட்டினார்கள்.

இப்போது அந்தத் தொப்பிக்கு வருவோம். பிரிட்டனில் நாட்டுக்காக ஆடியவர்களுக்கு ஒரு தொப்பி அளித்துச் சிறப்பிப்பது பழைய வழக்கம். 1972 இல் ஆடிய பெண்களுக்கு அது கிடைக்கவில்லை. 2019 இல்தான், நாற்பத்தேழு ஆண்டுகள் கழித்து, அவர்களுக்குத் தொப்பி வழங்கப்பட்டது. தொப்பிக்குப் பேர்போன ஊரின் பெண், தன் தொப்பிக்காக அத்தனை காலம் காத்திருக்க நேர்ந்தது!

தோழியரே, ரோஸ் விடாமுயற்சியால் வென்றார், உண்மைதான். ஆனால் அவரைப் போல் கடல் கடந்து போக இயலாமல், பந்தைக் கீழே வைத்துவிட்ட பெண்கள் எத்தனை பேரோ! அவர்கள் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. நம்மிடம் உள்ள திறமையை நாம் மறைக்காதிருப்போம். நம் அன்புப் பெற்றோரிடமும் ஒரு வேண்டுகோள்: மகள் பந்து கேட்டால், பந்தையே வாங்கிக் கொடுங்கள்!